நாலு ஆஸ்பத்திரியும் ஒரு குடலிறக்கமும்

வவுனியாவில் இறங்கியதும் சூட்கேசுகளை எண்ணினேன். நாலு இருந்தன. கொழும்பில் ஏற்றியது ஐந்து. ரயில் அசையத் தொடங்கிவிட்டது. விட்டுப்போன பெட்டிக்குள்தான் என் கண் மருந்து இருக்கிறது என்று இரண்டு மொழிகளில் கத்தினேன்.

"அப்பப்பா, அஞ்சாவதுக்கு மேலதான் நீங்கள் இருக்கிறீங்கள்," என்றாள் மயூரி.

எழுந்து பார்த்தேன். ஐந்து சரி.

மயூரி என் மகனின் மகள். நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள். பேசுவது எங்கள் வீட்டுத் தமிழ்தான். மூக்கொலி மட்டும் அமெரிக்காவுடையது. மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். அது முடிந்ததும் மயக்க மருந்துத் துறையில் சில வருடங்கள் பயிற்சி. எங்கே பயிற்சி என்பதுதான் பிரச்சினை. நாலு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அவற்றை விருப்பத்தின்படி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அடுக்கி இந்தக் கிழமைக்குள் அனுப்பிவிட வேண்டும். அனுப்பினால் அனுப்பியதுதான், மாற்ற இயலாது.

இதில் ஒரு சிக்கல். அவளுடைய படிப்புச் செலவைக் கட்டியது அமெரிக்க இராணுவம். அதற்குப் பதிலாகப் பயிற்சி முடிந்ததும் அவர்கள் அனுப்புகிற இடத்தில் நாலு வருடம் இராணுவ வைத்தியராக வேலை செய்ய வேண்டும். அந்த நாலு ஆஸ்பத்திரிகளில் மூன்று இராணுவத்துக்குச் சொந்தமானவை: ஒன்று டெக்சஸில், ஒன்று மேற்குக் கடலோரத்தில், ஒன்று தலைநகரப் பக்கம். நாலாவது சாதாரண ஆஸ்பத்திரி. முதலில் அங்கே பயிற்சியை முடித்துவிட்டுப் பிறகு இராணுவத்துக்குப் போகலாம். அது நியூஜெர்சியில் நாங்கள் எல்லோரும் இருக்கும் வீட்டிலிருந்து பதினொரு சந்தி விளக்கு தூரம்.

நான் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் அளக்காமல் முடிவு செய்ய மாட்டேன். நாலு ஆஸ்பத்திரிகளுக்கும் புள்ளி போட்டேன். தூரம், வெயில், குளிர், சோறு கிடைக்கும் கடை, பக்கத்தில் கண் வைத்தியர் உண்டா என்று பல தலைப்புகள். வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி நூற்றுக்குத் தொண்ணூற்றொரு புள்ளி எடுத்தது. டெக்சஸ் இருபத்தாறு. பாரபட்சம் பார்க்கவில்லை. என் கண்ணுக்குக் காலையும் மாலையும் மருந்து விடுகிறவள் மயூரிதான் என்பதற்கு நான் தனியாகப் புள்ளி எதுவும் போடவில்லை.

நாங்கள் வந்தது மச்சானுக்காக. சிவகுரு என் காலஞ்சென்ற மனைவியின் தமையன். மல்லாவியில் வயல் செய்கிறவன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்ய ஆஸ்பத்திரியில் இரண்டு முறை திகதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் ஒளித்துக்கொண்டான். மூன்றாவது திகதி இந்தக் கிழமை வந்தது. இனியும் தள்ளினால் குடல் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று சொல்லியிருந்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பயப்படுகிறவனோடு கதைக்க வைத்தியம் படிக்கிறவளே போனால் நல்லது என்று மயூரி கிளம்பினாள். என் கண் மருந்தும் அவளும் ஒன்றாகப் போக வேண்டியிருந்ததால் நானும் கிளம்பினேன்.

ரயிலிலேயே அவளிடம் சொல்லிவைத்தேன். "ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லு. ஆமிக் கதையை எடுக்காதை."

"ஏன்?"

வன்னியில் ஒரு வீட்டு முற்றத்தில் அந்தச் சொல்லைச் சும்மா போட்டுவிட்டு வர முடியாது என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. வடையைக் கடித்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

மல்லாவி பஸ்ஸில் இருக்கைகளைவிட இருபத்திரண்டு பேர் அதிகம். ஒரு சேவலும் இருந்தது. சேவலுக்கு இருக்கை கிடைத்தது. நியூஜெர்சி பஸ்ஸில் முழங்கை பட்டால் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே முழங்கை பட்டதும், "அய்யா எவடம்?" என்று கேட்டார் ஒருவர். மாங்குளம் தாண்டுவதற்குள் என் தகப்பன் பெயர், என் சீனி வருத்தம், மயூரிக்கு இன்னும் கலியாணமாகவில்லை என்பது எல்லாம் பஸ்ஸின் பின்கதவு வரை போய்விட்டது. பின்கதவிலிருந்து ஓர் அம்மா, "பிள்ளை என்ன படிக்கிறா?" என்று கேட்டார். நடத்துனர் எங்களுக்காகப் பதில் சொன்னார்: "மயக்க டொக்டராம்." அம்மா பெருமூச்சு விட்டார். "அதுக்குத்தான் இஞ்சை ஆளில்லை."

மச்சான் வீட்டு வாசல் படலையில் நின்றான். இடுப்பில் ஒரு கையை வைத்து அழுத்திப் பிடித்திருந்தான். ஆனால் வாய் மட்டும் சுகமாக இருந்தது.

"வா மச்சான். பல்லு எத்தினை மிச்சம்?"

"பதினேழு. உனக்கு?"

"எண்ணுறதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டனான்."

அவன் மனைவி இராசம் குரக்கன் புட்டும் குளத்து விரால் குழம்பும் வைத்திருந்தாள். மயூரி மூன்று முறை போட்டுச் சாப்பிட்டாள். எனக்கு முள் எண்ணுவதிலேயே நேரம் போயிற்று.

மறுநாள் காலை மயூரி அவனோடு கதைக்க உட்கார்ந்தாள். ஏன் ஒளித்தீர்கள் என்று நேரே கேட்டாள். முதலில் விதைப்பு வருகிறது என்றான். பிறகு டிராக்டரில் பழுது என்றான். கடைசியில் உண்மை வந்தது.

"கத்திக்கு நான் பயமில்லை மோனை. மயக்கம்தான் எனக்குச் சரிவராது. மயக்கத்திலை ஆக்கள் உளறுவினம். பக்கத்து வளவுக் கந்தையா நகை தாட்ட இடத்தை நேர்ஸுக்குச் சொல்லிப்போட்டான்."

"உன்னட்டை என்ன நகை இருக்கு?" என்றேன்.

"நகை இல்லை. கதை இருக்கு. அதிலை பாதி உன்னைப் பற்றின கதை."

மயூரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்தச் சத்திரசிகிச்சைக்கு ஆளை நித்திரையாக்கத் தேவையில்லை, முதுகில் ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழே மட்டும் விறைத்துவிடும், முழித்தபடியே படுத்திருக்கலாம் என்று விளக்கினாள். மச்சான் யோசித்தான். "அப்ப நான் சொல்லுறதை நானே கேக்கலாமோ?" என்றான். கேட்கலாம் என்றாள். பாதி வழிக்கு வந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து இராசம் நாலு ஆஸ்பத்திரிகளையும் பற்றி விசாரித்தாள். மயூரி சொன்னாள்: நான் என் விருப்பத்தை அடுக்கிக் கொடுப்பேன், அவர்களும் என்னைப் பற்றித் தங்கள் விருப்பத்தைச் சொல்வார்கள், இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவு வரும்.

"உது கலியாணப் பேச்செல்லோ!" என்றாள் இராசம். "விசாரிச்சனீங்களோ?"

"அவங்கடை இணையத்தளத்தில..."

"அது மாப்பிள்ளை பகுதி தாங்களே சொல்லுற கதை. ஊராக்களிட்டை விசாரிக்க வேணும்."

எங்கள் ஆட்கள் ஒருவனுக்குப் பெண் கொடுக்கும் முன் அவன் தெருவில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவரிடம் கேட்பார்கள், தபால்காரரிடம் கேட்பார்கள். இராசம் அதையே செய்தாள். அவளுடைய தமையன் மகன் கபிலன் டெக்சஸில் பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறான். நான் தடுப்பதற்குள் அவனுக்குத் தொலைபேசி போய்விட்டது. ஆஸ்பத்திரியின் பெயரை மயூரியே உச்சரித்துக் கொடுத்தாள். "கிட்டத்தான் மாமி. போய்ப் பாத்திட்டு எடுக்கிறன்," என்றான் கபிலன்.

டெக்சஸில் அப்போது இரவு நேரம். நாங்கள் முற்றத்தில் பனங்காய்ப் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் ஏழாவதில் இருந்தேன். வீடியோ அழைப்பு வந்தது. கபிலனின் முகம் திரை முழுக்க இருந்தது. வியர்த்திருந்தான்.

"மாமி, இது என்ன இடம்? வாசல்ல துவக்கோட நிக்கிறாங்கள். சாப்பாடு எப்பிடி, ஆக்கள் எப்பிடி எண்டு கேட்டனான். காரை ஓரங்கட்டச் சொல்லி, டிக்கியைத் திறந்து, என்ரை அரிசி மூட்டையை நாய் மணந்து பாத்தது. மாமி, இது ஆமிக் காம்ப்!"

கபிலன் தொடர்ந்து, நாய் நல்ல நாய், கடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு மயூரியைப் பார்த்தான். எழுந்து, இடுப்பைப் பிடித்தபடி வயல் பக்கம் போய்விட்டான். இராசம் கையிலிருந்த பணியாரத்தைத் திரும்பத் தட்டில் வைத்தாள். "ஆஸ்பத்திரிக்கு இனி வரமாட்டார்," என்றாள்.

நான் சொன்னேனே என்று மயூரியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். நானும் போனேன். வரம்பில் நடப்பது எழுபது கடந்தவனுக்கு ஏற்றதல்ல. இரண்டு முறை வயலுக்குள் இறங்கிவிட்டேன்.

மச்சான் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தான். மயூரி எதிரே குந்தினாள்.

"தாத்தா, ஆமிதான் எனக்குப் படிக்கக் காசு கட்டினது. அப்பாட்டை அவ்வளவு இருக்கேல்லை. நான் துவக்குத் தூக்கிறேல்லை. நோகாமல் பண்ணுறதுதான் என்ரை வேலை."

அவன் வேட்டியைக் கொஞ்சம் விலக்கித் தொடையைக் காட்டினான். பழைய தழும்பு, உள்ளங்கை நீளம்.

"கடைசிச் சண்டையிலை ஷெல் துண்டு பட்டது. பள்ளிக்கூட மேசையிலை கிடத்தி வெட்டி எடுத்தவங்கள். மயக்க மருந்து முடிஞ்சுது. வாய்க்குள்ளை துணி. நான் போட்ட சத்தத்திலை வெட்டின டொக்டரும் அழுதவர்."

மயூரி குனிந்து அந்தத் தழும்பின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப ஆராவது மருந்தோட வந்திருந்தா?" என்று கேட்டாள்.

"ஆர் வந்தாலும் கும்பிட்டிருப்பன்."

"என்ன உடுப்பில வந்தாலும்?"

அவன் ஒரு புல்லைப் பிடுங்கிப் பல்லுக்கிடையில் வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மறைக்கச் சொன்னது நீதானே?"

"ஓம்," என்றேன்.

"உனக்கு மறைக்கவும் தெரியாது. நேற்றே முகத்திலை எழுதியிருந்தது. எனக்கு எழுத்துத்தான் விளங்கேல்லை." மயூரியிடம் கேட்டான்: "எத்தினை வருசம் கட்டு?"

"நாலு."

"பிறகு இடமாற்றம் தருவாங்களோ?"

"விலகலாம்."

"அப்ப இது கஷ்டப் பிரதேச சேவை. இஞ்சை வாற டொக்டர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும் இதுதானே நடக்கிறது. எங்கடை ஊரைத்தான் கஷ்டப் பிரதேசம் எண்டு பேர் வைச்சு அனுப்புறாங்கள். வந்து பாத்தா விரால் மீன் சாப்பிட்டுக் கொழுத்திட்டுப் போகினம்." எழுந்தான். "நட. நாளையிண்டைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வாறன். நீ பக்கத்திலை நிக்கவேணும்."

அவளைத் தியேட்டருக்குள் விட மாட்டார்கள், வெளியேதான் நிற்கலாம் என்றேன். வெளியே நிற்பதும் பக்கம்தான் என்றான்.

நாளைமறுநாள் விடிய வெறுவயிற்றோடு கிளிநொச்சி போய்ச் சேர வேண்டும். அந்த விடியல் கூடாத நேரம் என்று பஞ்சாங்கத்தில் கண்டுபிடித்தாள் இராசம். அதற்கும் அவளிடம் வழி இருந்தது. முதல்நாள் பின்னேரம் நல்ல நேரம். அப்போதே வீட்டை விட்டு வெளிக்கிட்டு அயல் வீட்டில் தங்கிவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. விடிய அங்கிருந்து போவது அதன் தொடர்ச்சிதான். எனக்கு இது நில அளவையில் எல்லைக்கல்லை நகர்த்துவதுபோலப் பட்டது. மச்சான் ஒரு பையும் ஒரு தலையணையும் எடுத்துக்கொண்டு, தொண்ணூறு அடி தள்ளியிருக்கும் செல்வத்தின் வீட்டுக்குப் பயணம் போனான். நாங்கள் படலையில் நின்று வழியனுப்பினோம். மயூரி அவனிடம் மூன்று முறை சொன்னாள்: "ஒண்டும் சாப்பிடக்கூடாது தாத்தா. ஒண்டும் குடிக்கவும் கூடாது."

செல்வம் ஓட்டோ ஓட்டுகிறவர். அவருடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். விடிய அவருடைய ஓட்டோவில்தான் ஏறினோம். "ஐயா, நல்லா சாஞ்சு ஒக்காருங்க," என்றார். சாய இடமில்லை. மூன்று பேர், ஒரு தலையணை, ஒரு தண்ணீர்க் குடுவை. பாதி வழியில் எருமைக் கூட்டம் மறித்தது. முப்பத்தொரு எருமைகள். முப்பதாவது, நடுத்தெருவில் நின்று எங்களை யோசித்துப் பார்த்தது. செல்வம் ஹோர்ன் அடிக்கவில்லை. "அது முடிவு எடுக்கட்டுங்க," என்றார்.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து வைத்தியர் ஓர் இளம் சிங்களப் பெண். தென்பகுதியைச் சேர்ந்தவர். பயிற்சியை முடித்து இங்கே அனுப்பப்பட்டவர். வந்தபிறகு தமிழ் பழகியிருந்தார்.

"ஐயா, இண்டைக்கு என்ன சாப்பிட்டது?"

"ஒண்டுமில்லை."

"தேத்தண்ணி?"

"தேத்தண்ணி மட்டும்."

மயூரி நிமிர்ந்தாள்.

"பால் போட்டதா?" என்று கேட்டார் வைத்தியர்.

"கொஞ்சம். அதுவும் எங்கடை மாட்டின்ரை இல்லை."

"வேற?"

"ரொட்டி. அதைச் சாப்பாடெண்டு சொல்லேலாது."

வாசலில் நின்ற செல்வத்தைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "வீட்டுலயிருந்து ஒருத்தர் பயணம் போறப்ப வெறும் வாயோட எப்புடிங்க அனுப்புறது? நம்ம வீட்டம்மாவுக்கு மனசு வரல. ரெண்டே ரெண்டு ரொட்டிதாங்க."

வயிற்றில் ரொட்டியும் பாலும் இருக்கும்போது ஊசி ஏற்ற முடியாது என்றார் வைத்தியர். நாளைக்குப் பார்ப்போம்; ஆனால் நோயாளி இன்று வார்டை விட்டு அசையக் கூடாது. மச்சான் எனக்கு மட்டும் கேட்கும்படி, "நல்ல நேரம் பாத்ததிலை ஒரு நாள் போச்சு," என்றான். கட்டிலில் படுத்து, கூரை விசிறியைப் பார்த்தான். அதற்கு மூன்று இறக்கைகள்.

வைத்தியரும் மயூரியும் வெளியே வாங்கில் இருந்து ஆங்கிலத்தில் கதைத்தார்கள். ரொட்டிக் கதையில் தொடங்கி மருந்துகளுக்குப் போய், எனக்குப் புரியாத எல்லைகளைத் தாண்டிப் போனார்கள். இடையில் வைத்தியர் கேட்டது காதில் விழுந்தது: "எதை முதலாவதாகப் போடப் போகிறாய்?" மயூரி சொன்னாள்: "அப்பப்பா ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார். எனக்கு இன்னும் இல்லை." எண்களில் பிழை இருக்கிறதா என்று நான் அன்று மாலை மச்சானின் கட்டிலருகில் வாய்விட்டுத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். பிழை இல்லை. தொண்ணூற்றொன்றேதான்.

மறுநாள் காலை மச்சானைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மயூரி கதவுக்கு வெளியே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பக்கத்தில் நிற்பதாகச் சொல்லிவிட்டேன் என்றாள். சுவரில் இருந்த ஓடுகளை எண்ணத் தொடங்கினேன். பாதியில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்து எண்ணிக்கை பிசகிவிட்டது. சத்திரசிகிச்சை அறையிலிருந்து சிரிப்பு வருவது நல்லதா கெட்டதா என்று மயூரியிடம் கேட்டேன். நல்லது என்றாள்.

வெளியே கொண்டுவந்தபோது மச்சான் நன்றாக முழித்திருந்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. மேலே எல்லாம் அசைந்தது.

"மோனை, நான் விசாரிச்சுப்போட்டன்."

"என்னத்தை?"

"உன்ரை ஆஸ்பத்திரியளை. கபிலன் வாசல்லைதானே கேட்டவன். நான் உள்ளுக்கை படுத்துக்கொண்டு, தொழில் தெரிஞ்ச ஆளிட்டைக் கேட்டனான். எந்த இடம் நல்லதெண்டு. அந்த டொக்டர்ப் பிள்ளை என்ன சொன்னது தெரியுமோ? பயிற்சி முடியத் தனிய ஒரு இடத்துக்கு அனுப்புவாங்களாம். தன்னை இஞ்சை அனுப்பின மாதிரி. உதவிக்குக் கூப்பிடப் பக்கத்திலை ஆளிராதாம். அதுக்கு முதல் எல்லா விதமான கேசும் பாக்கிற இடமாப் போகட்டாம். சுகமான இடத்திலை பழகினா, கஷ்டமான இடத்திலை கை நடுங்குமாம்."

மயூரி விலகியிருந்த அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அதுக்கேன் சிரிச்சவை?" என்று கேட்டேன்.

"அது வேறை. என்ரை மச்சான் தன்ரை கண்ணுக்கு மருந்து விட ஆள் வேணுமெண்டு, வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தொண்ணூற்றொரு புள்ளி போட்டவன் எண்டும் சொன்னனான்."

மயங்கினால் உளறிவிடுவேன் என்று பயந்தவன், மயங்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச்சாலையில் மயூரி எனக்குப் பிளேன் டீ வாங்கித் தந்தாள். கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, நாலு பெயர்களையும் விரலால் மேலும் கீழும் நகர்த்தினாள். பிறகு என் பக்கம் திருப்பிக் காட்டினாள். முதலாவது டெக்சஸ். எங்கள் வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி நாலாவது.

"இருபத்தாறு புள்ளி," என்றேன்.

"காயப்பட்டவை கனக்க வாற இடம் அதுதான் அப்பப்பா."

வெயில் எப்படி, நாய் எப்படி என்று கேட்கலாம் போலிருந்தது. எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே புள்ளி போட்டிருந்தேன். பள்ளிக்கூட மேசைக்கு ஒரு தலைப்பு நான் வைக்கவில்லை.

"அனுப்பட்டோ?" என்றாள்.

"சிக்னல் எத்தினை கோடு?"

"ரெண்டு."

"காணும். அனுப்பு."

அனுப்பினாள். அது போய்ச் சேரும்வரை இருவரும் திரையையே பார்த்தோம்.

இரண்டு நாள் கழித்து மச்சானோடு மல்லாவிக்குத் திரும்பியதும் இராசம் முதல் வேலையாகக் கபிலனைக் கூப்பிட்டாள். "எங்கடை பிள்ளை உன்ரை பக்கம்தான் வரப்போறா போலை. அந்த நாய்க்கு ஒரு பிஸ்கட் குடுத்துப் பழகி வை." எங்கே கிடைக்கும் என்பது சில மாதங்கள் கழித்துத்தான் தெரியும் என்று மயூரி எவ்வளவோ சொன்னாள். இராசத்தைப் பொறுத்தவரை விசாரணை முடிந்தது, சம்பந்தம் சரி.

மாலை மயூரி கண் மருந்தோடு வந்தாள். தா என்று கையை நீட்டினேன். அவள் தயங்கிவிட்டுத் தந்தாள். மச்சான் சாய்வு நாற்காலியில், இரண்டு தலையணைக்கு நடுவே, பார்வையாளராக இருந்தான். நான் முகத்தை நிமிர்த்திப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்தேன். முதலாவது துளி மீசையில் விழுந்தது. இரண்டாவது மூக்கில். மூன்றாவது காதுப் பக்கம் ஓடி, சட்டைக் கழுத்துக்குள் போயிற்று.

"மச்சான், சிரிக்க வையாதை. தையல் பிஞ்சிடும்," என்றான் அவன், இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"அப்பப்பா, நான் விடட்டோ?" என்றாள் மயூரி.

"நீ அதிலையே நில்லு," என்றேன்.

நாலாவது துளி கண்ணுக்குள் விழுந்தது. இன்னும் ஒரு கண் இருந்தது.